எவரெஸ்ட் அடிவார முகாம் நடைப்பயணம்: கிளம்பும் முன் கேட்கிற கேள்விகள்

நேபாளத்தின் கும்பு பகுதியில், எவரெஸ்ட் அடிவார முகாம் வரை கைடுடன் நடந்துபோக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் இரண்டு முறை போனேன். முதல் முறை, முகாமுக்குச் சற்றுக் கீழே இருக்கும் லொபுச்சே என்ற ஊரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக என்னைக் கீழே இறக்கினார்கள். அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தேன். இரண்டு முறையும் கால் ஒரே கால்தான், வலுவும் ஏறத்தாழ அதே வலுதான். நாள் கணக்குதான் மாறியிருந்தது. அதனால் கீழே எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் கடைசியில் அந்த நாள் கணக்கிலேயே வந்து நிற்பேன்.

மொத்தம் எவ்வளவு தூரம், எத்தனை நாள்?

விமானத்தில் போய் இறங்குகிற லுக்லாவில் தொடங்கி லுக்லாவிலேயே முடிகிற நடை, போக வர சுமார் 130 கிலோமீட்டர். ஏற எட்டு நாள், இறங்க மூன்று அல்லது நான்கு நாள். லுக்லாவின் உயரம் 2,846 மீட்டர். முதல் நாள் பக்டிங்குக்கு (2,610) இறக்கம். பிறகு நாம்சே பஜார் (3,440), அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கல். அடுத்து தெங்போச்சே (3,867), திங்போச்சே (4,410), அங்கேயும் ஒரு நாள் கூடுதல். அதன்பின் லொபுச்சே (4,940), கோரக்ஷேப் (5,164), அங்கிருந்து முகாம் (5,364). கூடுதலாகத் தங்கும் அந்த இரண்டு நாளையும் யாராவது "மிச்சப்படுத்தித் தருகிறேன்" என்றால் அவர்களோடு போகாதீர்கள். என் முதல் பயணத்தில் திங்போச்சே நாளை வெட்டி, பத்து நாளில் முடிகிற திட்டம் ஒன்றை விற்றார்கள். லீவு குறைவு என்று நானும் சந்தோஷமாக வாங்கினேன்.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியிருக்கிறேன். திருமலைக்கு நடந்தே போவேன். இது போதாதா?

காலுக்குப் போதும், நுரையீரலுக்குப் போதாது. தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், தென்னிந்தியாவுக்கே உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். நடக்கத் தொடங்குகிற லுக்லா இரண்டையும்விட உயரம். இலங்கையின் பிதுருதலாகலை 2,524 மீட்டர்தான். நம் ஊர் மலைகளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அந்த உயரத்துக்கு உடம்பைப் பழக்க முடியாது. அங்கே போய், அங்கேயே மெல்லப் பழக வேண்டும். நம் மலைகளில் தேற்றிக்கொள்ள முடிவது தொடை, முழங்கால், மூச்சின் சீர், நாள் முழுக்க நடந்துவிட்டு மறுநாள் காலையும் எழுந்து நடக்கிற பழக்கம். அவையும் தேவைதான்.

மேலே போனால் உடம்புக்கு அப்படி என்னதான் ஆகிறது?

மேலேயும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அடிவார முகாமில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜனும் பாதி. உடம்பு முதலில் மூச்சை வேகமாக்கிச் சமாளிக்கும். அப்படி வேகமாக மூச்சுவிடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை ஏறும். அதைச் சிறுநீரகம் மெதுவாகச் சரிசெய்ய ஓரிரு நாள் பிடிக்கும். கூடுதலாகத் தங்கும் நாள் இதற்குத்தான். ஓய்வு நாள் என்று பெயர் இருந்தாலும் படுத்துக்கிடக்கக் கூடாது. நாம்சேயில் பகலில் 400 மீட்டர் போல ஏறிப் பார்த்துவிட்டு, இரவுக்கு இறங்கி வந்து தூங்க வேண்டும்.

மருத்துவர்கள் சொல்கிற கணக்கு இது: 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாள் தூங்கிய உயரத்தைவிட மறுநாள் தூங்குகிற உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஒரு இரவு தங்க வேண்டும்.

முதலில் வருவது தலைவலி. கூடவே பசியின்மை, குமட்டல், அசதி, தூக்கமின்மை. இது மலைநோயின் லேசான நிலை. இந்த நிலையில் மேலே ஏறக்கூடாது. அங்கேயே தங்கி, சரியான பிறகு ஏறலாம். ஏறியே தீருவேன் என்றால் அது இரண்டு விதமாக முற்றலாம். ஒன்று, நுரையீரலில் நீர் கோப்பது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைக்கும், இருமல் ஈரமாகும், உதடு நீலம் பாரிக்கும். இன்னொன்று, மூளை வீங்குவது: நடை தள்ளாடும், பேச்சு குழறும், எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பும். இரண்டிலும் உயிர் போகும். இரண்டுக்கும் முதல் வைத்தியம் உடனே கீழே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, திணறி எழுந்துகொள்வது பலருக்கு நடக்கும். முதல் தடவை பயந்துவிடுவோம். மற்றபடி உடம்பு நன்றாக இருந்தால் அது மட்டும் ஆபத்தில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் அதுவேதான் நடந்துகொண்டிருக்கும்.

டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் பயமில்லையா?

டயமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைட், சிறுநீரகம் செய்கிற அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. வலியை மூடி மறைக்கிற மாத்திரை இல்லை இது. தடுப்புக்காக வழக்கமாகச் சொல்லப்படுவது 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. உங்களுக்கு வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். விரல் நுனியும் உதடும் மதமதவென்று இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா கலந்த பானம் சப்பென்று ஆகிவிடும். ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. மாத்திரை போட்டோம் என்று நாளைக் குறைக்காதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டவே வேண்டாம். இரண்டும் மூச்சை மந்தமாக்கும்.

ஆக்சிமீட்டர் வாங்க வேண்டுமா?

விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற கருவி இது. கைடிடம் ஒன்று இருக்கும். 5,000 மீட்டரில் 80ஐ ஒட்டிய எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், அங்கே அது சகஜம். விரல் ஜில்லிட்டிருந்தால் கருவி தப்பாகவும் காட்டும். எண்ணைவிட ஆளைப் பார்க்க வேண்டும்: சாப்பிடுகிறாரா, பேசுகிறாரா, நேராக நடக்கிறாரா?

சமவெளியில் இருக்கிறேன். எப்படிப் பயிற்சி எடுப்பது?

நான்கு மாதம் வேண்டும். வாரத்தில் நான்கு நாள் வேக நடையோ ஓட்டமோ சைக்கிளோ, ஒரு மணி நேரம். இரண்டு நாள் படிக்கட்டு. எங்கள் அடுக்குமாடியின் நான்கு மாடியையும் பத்து முறை ஏறி இறங்கித்தான் தொடங்கினேன், மூன்றாம் மாதம் இருபத்தைந்து முறை. முதுகுப் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்று. அதாவது ஆறு கிலோ, மலையில் நம் முதுகில் இருக்கப்போகிற எடையும் கிட்டத்தட்ட அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட நடை. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், அதைச் சுற்றிவிட்டு மறுநாள் காலையும் இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள். அந்த மறுநாள் நடைதான் உண்மையான சோதனை. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி. ஏறியதோடு பஸ் பிடித்து வராமல் நடந்தே இறங்குங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில்தான் முழங்கால் போகும். கும்புவில் முழங்கால் வலியோடு தவிப்பவர்களில் பலர் கடைசி மூன்று நாளில்தான் தவிக்கிறார்கள். இறங்கிப் பழகாமல் வந்தவர்கள் அவர்கள்.

கடைசிப் பத்து நாள் பயிற்சியைக் குறைத்துவிடுங்கள். சளி, காய்ச்சலோடு லுக்லாவில் இறங்காதிருப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறது. போகலாமா?

கட்டுப்பாட்டில் இருந்தால் பலர் போய் வருகிறார்கள். மருத்துவரிடம் "மலைக்குப் போகிறேன்" என்று மட்டும் சொன்னால் அவர் ஊட்டியை நினைத்துக்கொள்வார். 5,300 மீட்டர், பன்னிரண்டு நாள், மைனஸ் 10க்குக் கீழே போகிற இரவு என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். இன்சுலின் உறைந்தால் வீணாகிவிடும், பகலில் சட்டைக்குள்ளும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளும் வையுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் தடுமாறும். அண்மையில் இதய நோய் கண்டவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

கைடு கட்டாயமா? நிறுவனத்தை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வெளிநாட்டவர் கைடு இல்லாமல் நடக்கக் கூடாது என்று நேபாளம் 2023 ஏப்ரல் 1 முதல் விதி கொண்டுவந்தது. கும்புவின் உள்ளூர் நிர்வாகம் அதைத் தன் பகுதியில் வற்புறுத்தவில்லை. விதி எப்படியோ, முதல் தடவை போகிறவர்கள் கைடோடுதான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூளைக்கு ஆக்சிஜன் குறையும்போது முதலில் கெடுவது நம் முடிவெடுக்கும் திறன். "எனக்கு ஒன்றுமில்லை" என்று நாம் அடித்துப் பேசும்போது, இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். நாம்சேயிலும் திங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவு உண்டா? ஒரு கைடுக்கு எத்தனை பேர்? ஒருவர் இறங்க நேர்ந்தால் அவரோடு போக இன்னொரு ஆள் இருக்கிறாரா? போர்ட்டருக்கு எத்தனை கிலோ, அவருக்குக் காப்பீடு உண்டா? "சார், எல்லாம் பார்த்துக்கலாம்" என்ற பதில் வந்தால் அடுத்த நிறுவனத்துக்குப் போங்கள்.

கைடை அங்கே "தாய்" என்று கூப்பிடுவார்கள். நேபாளியில் அண்ணன் என்று பொருள், 'த'வை 'பந்து' என்பதில் வருவது போல ஒலிக்க வேண்டும். டீ ஹவுஸ், அதாவது வழியில் நாம் தங்கிச் சாப்பிடுகிற விடுதி, நடத்துகிற அக்கா "தீதி". ஷெர்பா என்பது ஒரு மக்களின் பெயர், தொழிலின் பெயர் இல்லை. உங்கள் கைடு ராய் ஆகவோ தமாங் ஆகவோ இருக்கலாம், எல்லாரையும் ஷெர்பா என்று கூப்பிடாதீர்கள். முதலில் கற்க வேண்டிய நேபாளிச் சொல் "பிஸ்தாரை", மெதுவாக. ஒரு நாளைக்கு நூறு முறை காதில் விழும்.

போர்ட்டர் வைத்துக்கொள்வது கூச்சமாக இருக்கிறது. நானே சுமக்கட்டுமா?

கூச்சப்பட வேண்டாம், அது அவர்களுக்கு வருமானம். கூச்சம் இருந்தால் சுமையில் காட்டுங்கள். வழக்கமாக இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர். ஆளுக்குப் பத்து கிலோவுக்குள் கட்டினால் அவர் முதுகில் இருபதோடு நிற்கும். லுக்லா விமானத்திலும் கைப்பை சேர்த்துப் பதினைந்து கிலோதான் வழக்கம். அவருக்கு நல்ல ஷூவும் கையுறையும் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். டிப்ஸை நிறுவனத்திடம் கொடுக்காமல், கடைசி நாள் மாலை அவரவர் கையில் கொடுங்கள்.

எதையெல்லாம் வாங்க வேண்டும்?

ஷூவை மட்டும் ஊரிலேயே வாங்கி, குறைந்தது நூறு கிலோமீட்டர் நடந்து பழக்கிவிடுங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு வாங்குங்கள். நின்று முன்னால் சாய்ந்தால் பெருவிரல் முனையில் இடிக்கக் கூடாது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இதை அலட்சியம் செய்த என் தோழிக்கு நாம்சே இறக்கத்தில் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து, ஊர் திரும்பியபின் கழன்றே விழுந்தன.

டவுன் ஜாக்கெட், மைனஸ் 15 தாங்குகிற ஸ்லீப்பிங் பேக், ட்ரெக்கிங் கம்பு எல்லாம் காத்மாண்டுவின் தமேலில் வாடகைக்குக் கிடைக்கும். பருத்தித் துணி வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் உடம்பைச் சில்லிட வைக்கும். உடம்போடு ஒட்டின தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போட்டால் வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பனியில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைச் சுட்டுவிடும், நல்ல குளிர்கண்ணாடி அவசியம். ஹெட் டார்ச், சன்ஸ்கிரீன், மூக்கையும் வாயையும் மூட ஒரு கழுத்துத் துணி. வறண்ட குளிர்காற்றால் வருகிற கும்பு இருமல் விலா எலும்பு நோகும் அளவுக்குப் படுத்தும், அந்தத் துணிதான் ஓரளவு காக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிரமமா?

உண்மையில் அங்கே சைவம்தான் நல்லது. கும்புவில் உயிர்வதை செய்வதில்லை. இறைச்சி கீழிருந்து நாள்கணக்கில் முதுகில் சுமந்து வருவது, எனவே நாம்சேக்கு மேல் அசைவத்தைத் தொடாதீர்கள். தால் பாத், அதாவது சோறும் பருப்பும் ஒரு காயும், எங்கேயும் கிடைக்கும். கேட்டால் மறுபடியும் போடுவார்கள். உருளைக்கிழங்கும் பூண்டு சூப்பும் உண்டு. நான் இட்லிப் பொடி கொண்டுபோயிருந்தேன். வாய் கசந்து எதுவும் இறங்காத அன்று, வேகவைத்த உருளைக்கிழங்கில் அதைத் தூவித்தான் இரண்டு வாய் சாப்பிட்டேன். புளிக்காய்ச்சலும் கைகொடுக்கும். பசி இல்லாவிட்டாலும் சாப்பிட வேண்டும்.

தண்ணீர்?

நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர். காய்ச்சிய நீரோ குளோரின் மாத்திரை போட்ட நீரோ குடியுங்கள். ராத்திரி வெந்நீரை பாட்டிலில் ஊற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டால் கால் சூடாக இருக்கும், காலையில் குடிக்கவும் ஆகும். போன், பேட்டரியையும் அதனருகே வையுங்கள். குளிரில் சார்ஜ் கரைந்துவிடும், மேலே சார்ஜ் போடக் காசு.

லுக்லா விமானம் ஆபத்தானதா?

ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் சரிவு. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். 1964இல் எட்மண்ட் ஹிலாரி முன்னின்று அமைத்தது. சிறிய விமானங்கள், கண்ணுக்கு வழி தெரிந்தால் மட்டுமே பறக்கும். மேகம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ரத்து செய்தால் கோபப்படாதீர்கள், அது நம் நன்மைக்கு. ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாள் காலியாக விடுங்கள். சீசனில் விமானம் பெரும்பாலும் காத்மாண்டுவுக்குப் பதில் ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்து கிளம்பும், அங்கே போக நான்கைந்து மணி நேர சாலைப் பயணம். நள்ளிரவு தாண்டியதும் வண்டி ஏற வேண்டியிருக்கும்.

எந்த மாதம்?

மார்ச் முதல் மே, அல்லது அக்டோபர், நவம்பர். என் தேர்வு அக்டோபர் கடைசி. மழை கழுவிவிட்ட வானம் அது.

பாஸ்போர்ட், பணம், அனுமதி?

இந்தியர்களுக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். விமானப் பயணத்துக்கு ஆதாரை நம்பிப் போகாதீர்கள். சகர்மாதா தேசியப் பூங்காவுக்கு நுழைவுச்சீட்டும், உள்ளூர் நிர்வாகத்தின் சீட்டும் தேவை, நிறுவனமே எடுத்துத் தரும். பூங்காவுக்கு சார்க் நாட்டவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. அது உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 1 இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். நேபாள ரூபாயாகவே மாற்றி எடுத்துப்போங்கள், நாம்சேக்கு மேல் ஏடிஎம்மை நம்ப முடியாது.

காப்பீடு அவசியமா?

அவசியம். 6,000 மீட்டர் வரையிலான நடையும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் இதைச் சேர்ப்பதில்லை. இன்னொன்று: லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரை அழைத்து, காப்பீட்டுப் பணத்தில் பங்கு போடுகிற மோசடி 2018இல் நேபாளத்தில் பெரிதாக வெளிவந்தது. நடக்க முடிகிறவருக்கு நடந்து இறங்குவதே முதல் வழி.

மாதவிடாய், கழிப்பறை?

உயரத்தாலும் அசதியாலும் நாள் முன்பின் ஆகலாம், எனவே தேதி எதுவானாலும் நாப்கினோ கப்போ எடுத்துப்போங்கள். பயன்படுத்தியதை ஜிப் பையில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள், மேலே குப்பையை ஒழிக்க இடமில்லை. டீ ஹவுஸில் கழிப்பறை பொதுவானது. விடியற்காலையில் வாளித் தண்ணீர் மேலே ஐஸாக இருக்கும். டிஷ்யூ, சானிடைசர் கையிலேயே இருக்கட்டும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கிற பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வழியில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

சுமை தூக்கி வருகிற யாக், ஜோப்கியோ (யாக்கும் மாடும் கலந்த இனம்) கூட்டம் எதிரே வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நின்றால் சுமை இடித்துத் தள்ளிவிடும். மந்திரம் செதுக்கிய மணிச் சுவர்களைக் கோயிலை வலம் வருவது போலவே, சுவர் நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும். லொபுச்சேக்குக் கீழே இருக்கும் பெரிச்சே என்ற ஊரில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ நிலையம் சீசனில் இயங்கும். பிற்பகல் 3 மணிக்கு மலைநோய் பற்றி இலவசமாக விளக்குவார்கள், அந்த வழியாகப் போனால் கேளுங்கள். முகாமிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது என்பதும் பலருக்குப் போனபின்தான் தெரிகிறது. உச்சியைப் பார்க்க கோரக்ஷேப்புக்கு மேலே இருக்கும் காலா பத்தர் குன்றில் ஏற வேண்டும்.

பாதியில் திரும்பினால் கட்டிய பணம் போய்விடுமா?

பெரும்பாலும் போய்விடும். அந்தப் பணத்தைக் கிளம்பும் அன்றே மனதில் கழித்துவிடுங்கள். ஏனென்றால் மேலே தலை வலிக்கும்போது அந்தக் கணக்குதான் வாயைக் கட்டுகிறது. எனக்குக் கட்டியது. முதல் முறை திங்போச்சேயிலேயே பின்மண்டை வலித்தது. தாய் கேட்டபோது "ராம்ரோ", நன்றாக இருக்கிறேன் என்றேன். மறுநாள் லொபுச்சேயில், யாக் சாண வரட்டி எரிகிற அடுப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நான் ஷூ லேஸை அவிழ்க்க முயன்றேன். முடிச்சு பிடிபடவில்லை. மூன்றாவது தடவை தவறியதும் தாய் எழுந்து வந்தார். தரையின் ஒரு பலகையைக் காட்டி, "பஹினி (தங்கச்சி), இதன்மேல் குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நடந்து காட்டு" என்றார். நான்காவது அடியில் கால் பலகையை விட்டு விலகியது. மறுபடி நடந்தேன், மறுபடி விலகியது. அவர் ஒன்றும் பேசவில்லை, என் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ஹெட் டார்ச் வெளிச்சத்தில், அவர் கை என் பெல்ட்டைப் பிடித்திருக்க, பெரிச்சேக்கு இறங்கினோம். மூன்று மணி நேரம் ஆனது. காலையில் தலைவலி பாதியாகியிருந்தது, பசித்தது.

அடுத்த வருடம் அவரையே கேட்டு வாங்கினேன். நாள் பதினான்காக்கினோம், திங்போச்சேயில் இரண்டு இரவு தங்கினோம். லொபுச்சேயில் அதே அறை, அதே அடுப்பு. சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டு நானே எழுந்து அந்தப் பலகையில் முனை வரைக்கும் நடந்து காட்டினேன். தாய் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "நாளைக்குக் காலையில் ஐந்து மணி" என்றார்.